இமெல்டாவின் கைக்கொரு துவக்கு

என் மனைவி இமெல்டா துவக்குச் சுடப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். வீட்டில் நான் ஏதோ கொடுமை செய்கிறேன், அதற்குத்தான் அவள் ஆயத்தமாகிறாள் என்பதுபோல. எங்களுக்குத் தம்பி மாதிரியான குகநேசன் ஒருபடி மேலே போய், "அண்ணை, இனி அக்கா கறிக்கு உப்புப் போதுமோ எண்டு கேட்டால் போதும் எண்டே சொல்லுங்கோ" என்றான்.

நாங்கள் நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடியில் இருக்கிறோம். நான் கட்டடங்களில் கொங்கிறீட் உடைக்கிறவன். இமெல்டா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பெரிய பெரிய பானைகளைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது மணிக்கட்டு கெட்டுப் போயிற்று. அந்தச் சமையலறையில் அவளோடு நிற்கிறவள்தான் ஜூலியா. நோர்வேக்காரி, நல்ல உயரம், கதைபேச்சுக் குறைவு. அவள் ஒரு பிஸ்டல் கழகத்தில் மேற்பார்வையாளராகவும் இருந்தாள். ஒருநாள் வேலை முடிய, "வா, வந்து பார்" என்று இமெல்டாவைக் கூட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் வீட்டில் ஆளைக் காண முடியாது.

"அங்கை என்னதான் இருக்கு?" என்று கேட்டேன்.

"அங்கை ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டினம். எல்லாருக்கும் காது மூடிக் கிடக்கு" என்றாள்.

சுடுகிற இடம் மலைப்பாறையைக் குடைந்து கட்டிய பழைய பாதுகாப்பு அறை. எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் பங்கருக்குள் ஓடினோம். இவர்கள் பங்கருக்குள் போய்த்தான் வெடி வைக்கிறார்கள். முதல் தடவை அவளைக் கூட்டிவரப் போனபோது எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து பிளாஸ்க் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, வெறும் மூடியையும் குடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள் ஜூலியா வந்து காது மூடியை என் தலையில் மாட்டி, தோளில் பிடித்து உள்ளே தள்ளினாள்.

அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வரிசையாக நின்றவர்களில் ஆகக் கட்டையானவள் இமெல்டா. கால்களை அகட்டி வைத்திருந்தாள். மூச்சு மெல்ல இறங்கியது. எங்கள் வீட்டில் பாத்திரம் விழுந்தாலே திடுக்கிடுகிறவள், பக்கத்தில் ஒருவன் சுட்டபோதும் கண் வெட்டவில்லை. எத்தனையோ வருடம் கூடவே வாழ்ந்தும் இவளை இப்படி நான் கண்டதில்லை. அவள் சுட்ட அட்டையில் ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் மாட்டினேன்.

இவ்வளவு காலமும் அவள் சுட்டது கழகத்தின் சின்னப் பிஸ்டல். சன்னமும், அதாவது உள்ளே போடுகிற குண்டும், சின்னது. அது உதைக்காது, தும்மல் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் மற்றக் கழகங்களோடு நடக்கும் போட்டிக்கு ஜூலியா அவளைக் குழுவில் எடுக்க நினைத்தபோதுதான் சிக்கல் வந்தது. அந்தப் போட்டிக்குப் பெரிய சன்னம், ஒன்பது மில்லிமீற்றர். குழுவில் நிற்கிறவர்களுக்குச் சொந்தப் பிஸ்டல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் ஒழுங்கு. பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும். எந்தப் பிஸ்டல் என்று சொல்லித்தான் அனுமதி எடுப்பது. பிழையானதை எடுத்துவிட்டு மாற்றப் போனால், அலைந்து முடியப் போட்டியும் முடிந்துவிடும்.

அதைவிட மணிக்கட்டு. வைத்தியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை வீங்கினால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். பிறகு சுடுகிறதை மறந்துவிடு. சமையலறையும் சந்தேகம்" என்று சொல்லியிருந்தார். ஆகவே அவளுடைய கைக்கு உதைக்காத ஒன்றை, தூக்கக்கூடிய ஒன்றை, ஒரே தடவையில் சரியாகத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. அது தவறினால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஒருவர் கார் வாங்கப் போனாலும் வீடு பார்க்கப் போனாலும் தனியே போகமாட்டார். விசயம் தெரிந்தவர் என்று ஒருவர் கூடப் போய், கதவைத் திறந்து மூடி, தட்டிப் பார்த்து, "பறவாயில்லை, எடு" என்று சொன்னால்தான் வாங்கினதுக்கு ஒரு பெறுமதி. எங்களுக்கு அப்படிப்பட்ட ஆள் குகநேசன். டக்சி ஓடுகிறான். டயர் முதல் கலியாணம் வரை எல்லாவற்றிலும் அவனுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. இமெல்டா, "உவன் என்னத்துக்கு?" என்று முணுமுணுத்தாள். ஆனால் வாகனம் அவனுடையது.

நகரத்துக்கு வெளியே ஒரு வேட்டைச் சாமான் கடை. சுவரில் ஒரு காட்டுமானின் தலை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சிலவற்றை எடுத்துத் துணிமேல் வைத்தார். குகநேசன் ஒவ்வொன்றாகத் தூக்கி, சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் குலுக்கினான்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. பிளாஸ்ரிக் உடம்பு. கையிலை ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு. அக்கான்ர கைக்கு இதுதான்."

நானும் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், சட்டைப்பைக்குள் போட்டால் மறந்துவிடுகிற பாரம். பக்கத்தில் கிடந்த இரும்பு உடம்புக்காரன் அதைவிட இரண்டு மடங்கு பாரம். நோகிற கைக்குப் பாரத்தைக் கொடுக்கிறதா? ஒரு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

"குகன் சொல்லுறது சரியப்பா. தூக்கக்கூடியதை எடு" என்றேன்.

அதற்குள் குகநேசன் அதை என்னிடமிருந்து திரும்ப வாங்கி, அந்த மான் தலைக்குக் குறி வைத்து ஒரு கண்ணை மூடினான். கடைக்காரர் வாயைத் திறக்க முந்தி, இமெல்டா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிலத்தைப் பார்க்க இறக்கினாள்.

"தம்பி, இது டக்சி மீற்றர் இல்லை. தா இஞ்சை."

வாங்கி, மேல்பக்கத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே வெறுமை என்று பார்த்து, விரலையும் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள். விரல் விசையில் இல்லை, வெளியே நீட்டிக் கிடந்தது. கடைக்காரர் அதுவரை எங்கள் இரண்டு பேரோடும் கதைத்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அவளோடு மட்டும்தான் கதைத்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் அதைவிடக் கூடச் சந்தோசமாகவும் இருந்தது.

"பாரம் இல்லைத்தான். ஆனா சுட்டுப் பாக்காமல் சொல்லேலாது" என்றாள்.

கழகத்தில் ஒருவரிடம் அதே மாதிரிப் பிஸ்டல் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஜூலியா பக்கத்தில் நிற்க, அவள் அதை வாங்கிச் சுட்டாள். நான் பின்னால் நின்றேன். முதல் வெடிக்கே அவளுடைய இரண்டு கையும் நெற்றிவரை போய் வந்தன. சின்ன மிருகம் ஒன்று பிடியிலிருந்து துள்ளுகிற மாதிரி இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் சுட்டு முடித்தாள். அட்டையில் ஓட்டைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"எப்பிடி?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"நாளைக்குத் தெரியும்" என்றாள்.

நாளைக்கு என்றால் புட்டு. இதை நான் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் புட்டு அவிப்பது இமெல்டாதான். சுடுதண்ணி விட்டு அகப்பைக் காம்பால் மாவைக் குழைப்பாள். பிறகு சுண்டு என்கிற சின்னத் தகரப் பேணியைக் கவிழ்த்துப் பிடித்துக் கொத்து கொத்தென்று கொத்துவாள், மா குறுணி குறுணியாக உதிரும்வரை. அந்தக் கொத்தல் முழுவதும் மணிக்கட்டில்தான் இருக்கிறது. வைத்தியர் அழுத்திப் பார்த்துக் கேட்கிற கேள்விகளைவிட, சுண்டு கேட்கிற கேள்வி அவளுக்கு நன்றாக விளங்கும். கை நல்லது என்றால் சத்தம் மழை மாதிரி வரும். இல்லையென்றால் விட்டு விட்டு வரும்.

அன்று காலை நான் குளியலறையில் முகம் வழித்துக்கொண்டு நின்றேன். டக். டக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு வேறொரு தாளத்தில், தட்டுத் தடுமாறி, டொக், டொக். இடதுகைக்கு மாற்றிவிட்டாள். மேசைக்கு வந்த புட்டு உருண்டை உருண்டையாக இருந்தது. நான் உருண்டைகளை விரலால் உடைத்து உடைத்துச் சாப்பிட்டேன். அவளுடைய வலது மணிக்கட்டில் துணி சுற்றிக் கிடந்தது.

"விட்டிடுவமப்பா" என்றாள். "என்ர கைக்கு உது சரிவராது. ஜூலியாட்டை சொல்லிப்போடுறன், வேற ஆளைப் பாக்கட்டும்."

மகள் சிந்தியா கேள்விப்பட்டு வந்தாள். பேர்கனில் படித்துவிட்டு வந்து இப்போது வங்கியில் இருக்கிறாள். "அம்மா, நான் முதலே சொன்னனான். மற்ற அம்மாக்கள் யோகா செய்யினம். உங்களுக்கு மட்டும் பிஸ்டல்." சொல்லிவிட்டுத் தாயின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குகநேசன் தொலைபேசியில், "அக்கா, அதைவிடச் சின்னது ஒண்டு கிடக்காம். ஹாண்ட்பாக்குக்குள்ள வைக்கிற சைஸ். இன்னும் பாரம் குறைவு" என்றான். இமெல்டா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டாள்.

அந்த நேரம் எங்கள் நடையில் ஒரு இரும்பு அலுமாரி வந்து நின்றது. துவக்கு வைத்திருக்க வேண்டுமென்றால் பூட்டுகிற இரும்பு அலுமாரி வேண்டும், அலுமாரி பாரம் குறைந்தது என்றால் சுவரோடு இறுக்கியும் இருக்க வேண்டும். எல்லாம் சரிவரும் என்ற நினைப்பில் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். போகும்போதும் வரும்போதும் எல்லாருடைய முழங்காலும் அதில் இடித்தது.

"உதைத் திருப்பிக் குடுத்திடுங்கோ" என்றாள் இமெல்டா.

நான் ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாதவன். சனிக்கிழமை பின்னேரம் வேலையிடத்திலிருந்து உடைக்கவும் துளைக்கவும் கூடிய சின்ன மெஷினைக் கொண்டுவந்து, அலுமாரியைச் சுவரோடு வைத்து, துளை போடத் தொடங்கினேன். கொங்கிறீட் சுவர். இமெல்டா என்னைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், பிறகு தூசு பறக்கக்கூடாது என்று தூசு உறிஞ்சியை எடுத்துவந்து துளைக்குக் கீழே பிடித்தாள்.

இரண்டாவது துளையில் எனக்குக் கை விறைத்துவிட்டது. குளிர் காலத்தில் என் விரல் நுனிகள் வெள்ளையாகிப் போகும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு வருகிறதுதான். இரவில் இமெல்டா எண்ணெய் போட்டு உருவி விடுவாள். நான் மெஷினை நிலத்தில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு, வழக்கமாகத் திட்டுகிற மாதிரித் திட்டினேன்.

"இந்தச் சின்னன்தான் கையைத் தின்னுறது. பெரிசு எண்டால் தன்ர பாட்டிலை நிக்கும், அடியைத் தானே வாங்கும். இது முழுக்க எங்கட கைக்குத்தான் தருது."

தூசு உறிஞ்சியின் சத்தம் நின்றது.

"இப்ப என்ன சொன்னியள்?"

"என்ன, மெஷினைச் சொன்னனான்."

"திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் மண்டையில் ஏறியது. அவள் நிலத்தில் சப்பணமிட்டு இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினாள்.

"எத்தினை வருசமாய் உந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு உங்கட கையை உருவுறன். கடையிலை போய் நிண்டுகொண்டு, குகன் சொல்லுறது சரி, தூக்கக்கூடியதை எடு எண்டுறியள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறன். ரெண்டு பேருக்கும் விசர்."

"அதே சன்னம், அதே வெடி. துவக்கிலை பாரம் இல்லையெண்டால்…"

"கைக்குத்தான் வரும்" என்றாள். "மற்றத் துளையையும் போடுங்கோ. நான் ஜூலியாவுக்குப் போன் அடிக்கிறன்."

மணிக்கட்டு நோவு ஆறும்வரை அவள் பொறுத்திருந்தாள். அதற்குள் இன்னொருத்தியாக இருந்தால் அவசரப்பட்டிருப்பாள். இமெல்டா ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா போய், மற்றவர்கள் சுடுகிறதைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றுவிட்டு வந்தாள்.

பிறகு ஜூலியாவின் சொந்தப் பிஸ்டலைச் சுட்டாள். முழுக்க இரும்பு, நீண்ட குழாய். நான் பயந்துகொண்டு நின்றேன். வெடித்தது. கை கொஞ்சம் எழும்பி, தானே திரும்பி வந்து அதே இடத்தில் இருந்தது. தள்ளுகிறது, ஆனால் அடிக்கவில்லை. ஜூலியா ஒரு கட்டைவிரலைக் காட்டினாள். ஆனால் போகப் போகக் குழாயின் மூக்கு தாழத் தொடங்கியது. ஓட்டைகள் அட்டையில் மெல்ல மெல்ல அடிப்பக்கம் இறங்கின. மறுநாள் காலை சுண்டுச் சத்தம் நன்றாகத்தான் வந்தது. மேல்தட்டிலிருந்த தேங்காய்ப்பூப் பெட்டியை எடுக்கத்தான் அவளுக்குத் தோள் வரவில்லை. என்னைக் கூப்பிட்டு எடுப்பித்தாள்.

"மணிக்கட்டு ஓம் எண்டுது, தோள் மாட்டன் எண்டுது" என்றாள். முகத்தில் கவலை இல்லை.

அதை அப்படியே ஜூலியாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஜூலியாவுக்குப் புட்டு என்றால் என்னவென்று தெரியாது. எப்படிக் கையைச் சோதிக்கிறாய் என்று கேட்க, இமெல்டா அடுத்த முறை ஒரு டப்பாவில் புட்டும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்து, சுண்டையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஜூலியா சாப்பிட்டுக்கொண்டே சுண்டை வாங்கி மேசையில் கொத்திப் பார்த்து, "நானும் இனி இப்படித்தான் பார்க்கப் போகிறேன்" என்றாளாம்.

பிறகு ஜூலியாதான் தேடினாள். கழகத்தில் இன்னொருவரிடம் அதே வகை இரும்புப் பிஸ்டல், குழாய் மட்டும் கட்டை. பாரம் முன்னால் தொங்காமல் பிடிக்குள் இருந்தது. இமெல்டா அதை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பிடி மொத்தம், தடிச்சுக் கிடக்கு. என்ர விரல் சுத்தி வருகுதில்லை. விரல் வராட்டி மணிக்கட்டுத்தான் வளைஞ்சு குடுக்கும்."

நான் என்றால் இவ்வளவு தூரம் வந்த பிறகு சரி என்று எடுத்திருப்பேன். அவள் விடவில்லை. பிடியின் இரண்டு பக்கத்துப் பலகையும் கழற்றக்கூடியவை, மெல்லிய பலகை வாங்கலாம் என்று ஜூலியா சொன்னாள். வாங்கினார்கள். பொருத்திப் பூட்டினார்கள். இமெல்டா கையை மேலே தள்ளி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருக்கும் சதை பிஸ்டலின் முதுகோடு ஒட்டும்படி பிடித்தாள். "மேலை பிடிச்சால் துள்ளாது" என்று எனக்குத் திரும்பிச் சொன்னாள். ஏதோ எனக்கும் போட்டி இருக்கிறது என்பதுபோல.

சுட்டாள். நான் அட்டையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கை எழும்பியது, இறங்கியது, நின்றது. தோள் அசையவில்லை. நெற்றியில் ஒரு மயிர்க்கற்றை விழுந்து கிடந்தது, அதைத் தட்டிவிடவும் இல்லை. பானை தூக்கிக் கெட்டுப்போன கை, என் விரல்களை உருவுகிற கை, இப்படி ஒரு அமைதியோடு நிற்கும் என்று எனக்கு ஆரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முடித்துவிட்டு, பிஸ்டலை வெறுமையாக்கி, திறந்து, மேசையில் வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். அட்டையை ஜூலியா கொண்டுவந்தாள். நடு வட்டம் கிழிந்து ஒரே ஓட்டையாக இருந்தது.

"இதுதானே?" என்று ஜூலியா கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லுறன்" என்றாள் இமெல்டா.

மறுநாள் எனக்கு வேலை பிந்தித்தான். ஆனாலும் முழிப்பு வந்துவிட்டது. கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். குழாயில் தண்ணீர் ஓடியது. கேத்தல் கொதித்து அணைந்தது. அகப்பைக் காம்பு சட்டியில் உரசும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கையைப் பார்க்கிறாளோ, துணியைத் தேடுகிறாளோ என்று நினைத்து எழும்பப் பார்த்தேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. குகநேசன்.

"அண்ணை, ராத்திரி சுட்டவவாம். என்ன மாதிரி? நான் சொன்னனான் எல்லோ, அந்தப் பிளாஸ்ரிக்கை…"

"பொத்தடா வாயை, கொஞ்சம் பொறு" என்றேன்.

குசினியில் தொடங்கியது. டக் டக் டக் டக். இடைவெளி இல்லை. வேகம் கூடிக் கூடி வந்தது. வலது கை. அந்தத் தாளம் எனக்குத் தெரியும். நான் தொலைபேசியைக் கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குதோ?"

"என்னண்ணை அது, மழையோ?"

"உன்ர அக்கா துவக்கு வாங்குறா" என்றேன்.

"ஆர் அது விடியவெள்ளன?" என்று இமெல்டா உள்ளேயிருந்து கேட்டாள். கொத்தல் நிற்கவில்லை. "குகனோ? சாப்பிட வரச் சொல்லுங்கோ. வந்து அலுமாரியை ஒருக்கால் இழுத்துப் பாக்கட்டும், நீங்கள் சுவரிலை பூட்டினது நிக்குதோ எண்டு."

போய்ப் பார்த்தேன். சட்டியில் மா மணல் மாதிரி உதிர்ந்து கிடந்தது. அவள் புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டியை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். மேசையில் அவளுடைய தொலைபேசி திறந்து கிடந்தது. ஜூலியாவுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. சட்டியின் படம் மட்டும்தான்.